பசுமைத் திரைக்குள் ஓர் இத்தா

ஷரஃபுதீன் இறந்த எழுபத்தோராவது நாள் காலையில், அவருடைய மனைவி ஷம்ஷாத் சமையலறை மூலையில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அந்த வீட்டின் வாசல்பக்கத்தில் முழுச்சுவர் என்று சொல்லத்தக்கது அந்த மூலையில்தான் இருந்தது. மீதியெல்லாம் வரைந்தவருடைய கருத்து.

அவள் இத்தாவில் இருந்தாள். கணவனை இழந்தவள் நான்கு மாதம் பத்து நாள், ஆகக்கூடி நூற்று முப்பது நாள், அவன் வாழ்ந்த வீட்டைவிட்டு வெளியேறாமல், அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் இருக்க வேண்டும். ஷம்ஷாதுக்கு யாரும் அதைக் கட்டாயமாகச் சொல்லவில்லை. ஷரஃபுதீன் ஆட்டோ சீட் தைக்கிறவர். கடையில் மெஷின் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தவர் அப்படியே மெஷின்மேல் சாய்ந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கொண்டுவந்தார்கள். முப்பத்து நான்கு வருடம் கூட வாழ்ந்தவள் ஒரு மடக்குத் தண்ணீர்கூட அவர் வாயில் ஊற்றவில்லை. இனி அந்த மனுஷனுக்காக அவளால் செய்ய முடிந்தது இந்த நூற்று முப்பது நாள்தான். அதை ஒருநாள்கூடக் குறையில்லாமல், அவர் லுங்கி தொங்கும் இந்த வீட்டிலேயே முடித்துவிட வேண்டும் என்பது அவள் பிடிவாதம்.

பிடிவாதத்துக்குக் குறுக்கே நின்றது கட்டடம்.

மயிலாப்பூரில் கால்வாயை ஒட்டியிருந்த செல்லப்பா தோட்டத்துக் குடிசைகளை இடித்தபோது, ஜனங்களை ஊருக்கு வெளியே முப்பது கிலோமீட்டர் தள்ளிக் கொட்டாமல், அதே இடத்தில் மாடி கட்டித் தந்தார்கள். அதுவரைக்கும் புண்ணியம். ஆனால் அதை வரைந்துகொடுத்தவர் புகழேந்தி. பெசன்ட் நகரில், நான்கு பக்கமும் காம்பவுண்டு சுவரும் சுவரின்மேல் கண்ணாடிச் சில்லும் பதித்த வீட்டில் இருந்துகொண்டு, 'மனிதர்களுக்கிடையே சுவர் எதற்கு?' என்று பல தேசத்து மாநாடுகளில் கேட்டவர். அவருடைய கொள்கைக்குப் பெயர் பயோஃபிலிக். மனிதனுக்குச் செடிகொடிமீது பிறவியிலேயே ஒரு காதல் இருக்கிறதாம். கட்டடம் அந்தக் காதலுக்குத் தூது போக வேண்டுமாம்.

தூது போன விதம் இதுதான். ஒவ்வொரு மாடியிலும் நடுவே ஒரு பெரிய பொதுக்கூடம். சுற்றிலும் எட்டு வீடுகள். கூடத்தைப் பார்த்த பக்கத்தில், சமையலறை மூலை தவிர, எந்த வீட்டுக்கும் சுவர் கிடையாது. முழங்கால் உயரத்துக்குமேல் கூரைவரை, கை நுழையும் அளவுக்கு ஓட்டை விட்டு அடுக்கிய செங்கல். அதன்மேல் கொடி படர்ந்து 'பசுமைத் திரை' ஆகும். வரைபடத்தில் அது அடர்ந்த காடாக இருந்தது. ஒரு கிளிகூட உட்கார்ந்திருந்தது. கட்டிமுடித்த மூன்றாம் மாதம் சொட்டுநீர் மோட்டார் புகைந்தது. கொடிகள் நோயாளியின் தாடிபோல அங்கங்கே நாலு இழை மட்டும் மிஞ்சின. கிளி வரவேயில்லை.

ஜனங்கள் கையில் கிடைத்ததைக் கட்டிக்கொண்டார்கள். புடவை, போர்வை, தார்ப்பாய். ஒரு வீட்டில் காதணி விழா ஃப்ளெக்ஸ். அதில் மொட்டைத்தலையோடு ஒரு குழந்தை கூடத்தைப் பார்த்து இரண்டு வருடமாகச் சிரித்துக்கொண்டிருந்தது.

இதற்கெல்லாம் மூலகாரணம் ஷரஃபுதீன்தான் என்றால் அவர் ஆவி பொறுத்துக்கொள்ளாது. ஆனாலும் கதை அப்படித்தான்.

புகழேந்தியின் ஆபீசில் புதிதாகச் சேர்ந்திருந்த ஹம்சினி என்ற பெண் பழைய சந்துக்குள் இரண்டு மாதம் நோட்டுப் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்தாள். நல்ல பெண். கொடுத்த டீயைக் குடித்தாள், குழந்தைகளுக்குப் படம் வரைந்து கொடுத்தாள். காலையிலிருந்து பொழுதுசாயும்வரை எல்லா வீட்டுக் கதவும் திறந்தே கிடப்பதைப் பார்த்தாள். 'இவர்களுக்கு உள்ளே, வெளியே என்ற பேதம் இல்லை' என்று எழுதிக்கொண்டாள். குடிசைக்கு ஜன்னல் இல்லாததால்தான் கதவைத் திறந்துவைக்கிறார்கள் என்று அவளுக்குத் தோன்றவில்லை. சந்து திரும்புமுன் ஆம்பிளைகள் இருமுவதையும், திறந்த வாசலைக் கடக்கும்போது தரையில் எதையோ தொலைத்தவர்கள்போல நடப்பதையும் அவள் பார்த்துத்தான் இருந்தாள். ஆனால் பார்க்காமல் இருப்பதை எப்படிப் படம் வரைவது?

கடைசியில் ஒரு கேள்வித்தாள். பதினேழாவது கேள்வி: 'உங்கள் வீட்டுக்கும் பொதுவிடத்துக்கும் நடுவே சுவர் அவசியமா?'

ஷரஃபுதீன் அந்தப் பெண்ணுக்கு டீ ஆற்றிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்த பிள்ளை முகத்துக்கு நேராக இப்படிக் கேட்டால் மனுஷன் என்ன சொல்வான்? "எங்களுக்குள்ள இன்னாமா சுவரு!" என்று சிரித்தார்.

அது உபசாரம். அதை வாக்குமூலமாக எடுத்துக்கொண்டார்கள். கட்டடம் முடிந்தபோது கீழே நுழைவாயிலில் ஒரு முழ உயர எஃகு எழுத்தில், 'எங்களுக்குள்ள இன்னாமா சுவரு — ஒரு குடியிருப்பாளர்' என்று பதித்திருந்தார்கள். ஷரஃபுதீன் ஒவ்வொரு முறை உள்ளே வரும்போதும் கூச்சப்பட்டுத் தலையைக் குனிந்துகொள்வார். "அந்த 'இன்னாமா'வயாச்சும் எடுத்துட்டுப் போட்டுருக்கலாம்" என்பார்.

அவர் போனபிறகு ஷம்ஷாத் இரண்டு போர்வையும் ஒரு தார்ப்பாயும் கட்டிக்கொண்டாள். மீதியை மூன்றாம் மாடி கவனித்துக்கொண்டது. யாரும் கூட்டம் போடவில்லை, தீர்மானம் நிறைவேற்றவில்லை. ஆனால் ஷரஃபுதீனைத் தூக்கிக்கொண்டுபோன மறுநாளிலிருந்து அந்த மாடியின் ஆம்பிளைகள் அத்தனை பேருக்கும் கழுத்து இடதுபக்கமாகச் சுளுக்கிக்கொண்டது. எதிர்வீட்டு தேவானையின் புருஷன் மண்ணாங்கட்டி பெயிண்டர். அவனுக்கு முன்னால் பிறந்த மூன்றும் தங்காததால், இது போனால் போகட்டும் என்பதுபோல யமனை ஏய்க்க அம்மா வைத்த பெயர். ஐம்பத்தெட்டு வயதாகியும் யமன் ஏமாந்துகொண்டுதான் இருந்தான். அவன் குடித்துவிட்டு வரும் அன்றைக்கும் ஷம்ஷாத் வீட்டைத் தாண்டும்போது கண்ணை இறுக்க மூடிக்கொள்வான். இரண்டுமுறை கூடத்துச் செடித்தொட்டிமேல் விழுந்தான். "மாமா, கண்ணத் தொறந்துகினு மறுபக்கமாச்சும் பாத்துகினு வாயேன்" என்று தேவானை திட்டினால், "தொறந்தா எந்தப் பக்கம் பாக்கும்னு எனுக்கே தெரியாது" என்பான்.

அந்த எழுபத்தோராவது நாள், திங்கட்கிழமை, ஹம்சினி வந்தாள். கூடவே சங்கச் செயலாளர் பொன்ராஜ்.

தேவானைதான் வழிமறித்தாள். "இன்னாம்மா நோட்டுப் பொண்ணு, எங்க இந்தப் பக்கம்?"

"தேவானைம்மா, சனிக்கிழமை ஜூரி வராங்க. பெரிய அவார்டு. இந்தத் துணியெல்லாம் ஒரு மூணு மணி நேரம் எடுத்துட்டீங்கன்னா, ஸ்பேஸ் கொஞ்சம் மூச்சு விடும்."

"அது மூச்சு வுடறதுக்கு நாங்க துணிய அவுக்கணுமா?"

பொன்ராஜ் குறுக்கிட்டார். "தபாரு தேவானை, எழுதி வாங்கிருக்காங்க இல்ல? அஞ்சு வருஷத்துக்குத் திரைமேல ஒரு ஆணிகூட அடிக்கக்கூடாது. ஒதுக்கீட்டு ஆணை இன்னும் கைக்கு வர்ல. நாளைக்கு வூடு இல்லன்னு சொல்லிட்டா என்கிட்ட வந்து அழுவாத."

ஹம்சினி தார்ப்பாய் கட்டிய வீட்டைக் காட்டினாள். "ஷரஃபுதீன் மாமா வீடுதானே இது? மாமா இருக்காங்களா? ஜூரி அவரைப் பார்க்கணும்னு கேட்டாங்க. அந்த வரியச் சொன்னவர்னு."

பொன்ராஜ் செருப்பைப் பார்த்தார்.

தார்ப்பாய்க்குப் பின்னாலிருந்து ஷம்ஷாத்தான் பேசினாள். "அவரு மவுத்தாயிட்டாரும்மா. ரண்டு மாசம் தாண்டிப் போச்சு. நான் இத்தாவுல இருக்கேன்."

ஹம்சினி அங்கேயே தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். இத்தா என்றால் என்ன என்று கேட்டாள். தேவானை தனக்குத் தெரிந்தவரையில் சொன்னாள். பாதி தப்பு. ஷம்ஷாத் உள்ளிருந்து திருத்தினாள்.

"ஆன்ட்டி, சர்வேல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? சுவர் வேணும்னு?"

"வூட்டுக்கு வந்த புள்ள, எங்களோட ஒக்காந்து டீ குடிக்கிற. உன்னப் பாத்து சுவரு வோணும்னு எப்படிம்மா சொல்றது? நீ தப்பா நெனச்சுக்குவன்னு அவரு நெனச்சாரு."

ஹம்சினி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நான் சார்கிட்ட சொல்றேன் ஆன்ட்டி" என்றாள். சொல்லத்தான் போனாள். சார் அப்போது, ஜூரிக்குக் கொடுக்கும் புத்தகத்தின் அட்டையில் 'மூச்சு' என்ற சொல்லுக்கும் ஓரத்துக்கும் எவ்வளவு இடைவெளி விடுவது என்ற ஆழ்ந்த யோசனையில் இருந்தார். அவள் வாய் திறந்ததும் கையை உயர்த்தினார். அவள் மூடிக்கொண்டாள். வேலைக்குச் சேர்ந்து ஐந்து வருடத்தில் அவள் நன்றாகக் கற்றுக்கொண்டது அதுதான்.

யோசனை சொன்னவள் தேவானை. "துணி கட்டத்தான கூடாது? செடி வெக்கலாம்ல? செடிக்கு இன்னா ரூல்ஸு?"

பொன்ராஜ் விதியைப் புரட்டிப் பார்த்தார். செடிக்கு ரூல்ஸ் இல்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மூன்றாம் மாடி முழுவதும் தன் செடிகளைத் தூக்கிக்கொண்டு வந்தது. ஆபீஸ் வைத்த கொடிகள் செத்தனவே தவிர, ஜனங்கள் வைத்தவை சாகவில்லை. மண்ணாங்கட்டி கொண்டுவந்து சேர்த்த பெயிண்ட் வாளிகளிலும், உடைந்த குக்கரிலும், எண்ணெய் டின்னிலும் கற்பூரவல்லியும் கறிவேப்பிலையும் மருதாணியும் செம்பருத்தியும் தழைத்து நின்றன. ஆம்பிளைகள் வாளியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கமாகவே நடந்து வந்தார்கள். ஷம்ஷாத் வீட்டுக்கு முதுகைக் காட்டியபடியே குனிந்து வைத்துவிட்டு, நேராக நடந்து போனார்கள். ராஜா சபையிலிருந்து விடைபெறுகிறவர்களைத் திருப்பிப்போட்டால் எப்படியோ அப்படி. மண்ணாங்கட்டி அன்றைக்குக் குடிக்கவில்லை. அதனால் ஒருமுறைதான் விழுந்தான்.

தேவானை கடைசியாகத் தன் வீட்டுத் துளசியோடு நின்றாள். "அக்கா, இத்த வெச்சா பரவால்லயா? இல்ல, உங்களுக்குள்ள எதுனா..."

"வைடி. அதுவும் எலதானே."

போர்வைகளும் தார்ப்பாயும் இறங்கின. அறைக்குள் பச்சை இருட்டு கவிந்தது. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை என்று பெண்கள் பத்துமுறை குனிந்தும் நிமிர்ந்தும் பார்த்து உறுதிசொன்னார்கள். எழுபத்தைந்து நாளில் முதல்முறையாக ஷம்ஷாத் சமையலறை மூலையைவிட்டு நடுவீட்டுக்கு வந்தாள். ஷரஃபுதீன் படுக்கும் இடத்தில் பாயைப் போட்டு உட்கார்ந்தாள். இனி ஐம்பத்தைந்து நாள். இப்படியே கழிந்துவிடும் என்று நினைத்தாள்.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு ஜூரி வந்தது. மூன்று ஆண்கள், இரண்டு பெண்கள். எல்லோருக்கும் முன்னால் புகழேந்தி, கசங்குவதற்கென்றே தேய்த்ததுபோன்ற ஒரு லினன் சட்டையில். மூன்றாம் மாடிக் கூடத்தில் ஏறியதும் அவரே அசந்துபோனார். அவர் வரைந்த காடு இதோ நிற்கிறது. எப்படி நின்றது என்று அவர் கேட்கவில்லை. தன் கருத்து பலித்துவிட்டதென்று நினைத்தார்.

"பாருங்கள்" என்றார் ஆங்கிலத்தில். "இங்கே உள்ளே எது, வெளியே எது? கேள்வியே தவறு."

கேள்வி தவறு என்று நிரூபிக்கத்தான் கையை நீட்டினார். ஹம்சினி "சார், வேண்டாம்" என்றாள். அவ்வளவு மெல்லியதாகச் சொன்னால் புகழேந்திக்கு அது பாராட்டாகத்தான் கேட்கும். அவர் செம்பருத்தியை ஒருபக்கமும் மருதாணியை ஒருபக்கமும் விலக்கினார்.

ஷம்ஷாத் குளித்துவிட்டு, பாயில் உட்கார்ந்து, தலைமுடியை விரித்துப்போட்டுச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். இலைகளுக்கிடையே ஆறு முகங்கள் தெரிந்தன. அவள் கத்தவில்லை. ஓட இடமிருந்தால் ஓடியிருப்பாள். மூன்று எட்டு வைத்தால் வீடு முடிந்துவிடும். சீப்பைப் பிடித்த கையோடு அப்படியே குனிந்து முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"வணக்கம்மா!" என்றார் புகழேந்தி மலர்ந்து. "கவனியுங்கள், நம்மைப் பார்த்து அவர் எழுந்திருக்கக்கூட இல்லை. அவ்வளவு இயல்பு." ஜூரியில் ஒருவருடைய கேமரா இரண்டுமுறை ஓசையிட்டது.

எதிர்வீட்டிலிருந்து தேவானை கரண்டியோடு பாய்ந்து வந்தாள். "யோவ் கசங்கன சட்ட! கைய எடுய்யா! பொம்பள இருக்கற வூட்டப் பொளந்து காட்டறியே, உன் வூட்டுக் கூரையப் பிரிச்சு நாங்க பத்து பேரு ஏறிப் பாக்கட்டா? எடுறா கைய!"

ஜூரியில் ஒரு பெண்மணி என்னவென்று விசாரித்தார்.

"சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டுமாம்" என்று புகழேந்தி மொழிபெயர்த்தார்.

அவார்டு கிடைத்தது. நான்கே நாளில் அந்தப் படம் எல்லாப் போனிலும் வந்தது. இலைகள், இலைகளுக்கு நடுவே குனிந்த ஒரு முதுகு, விரிந்த நரைமுடி. கீழே 'பசுமையின் மடியில் ஓய்வு' என்று ஒரு வரி. ஆதம்பாக்கத்தில் இருக்கும் மகள் ஜுவேரியாவுக்கு அவள் ஆபீஸ் வாட்ஸாப் குழுவில் வந்தது. 'ப்யூட்டிஃபுல்' என்று பதினோரு பேர் எழுதியிருந்தார்கள். பன்னிரண்டாவதாக அவள் அது தன் அம்மா என்று எழுதவில்லை.

அதன்பிறகு மாணவர்கள் வர ஆரம்பித்தார்கள். காலேஜ் காலேஜாக, இருபது பேர், முப்பது பேர். நல்ல பிள்ளைகள். சத்தம் போடுவதில்லை, குப்பை போடுவதில்லை. கூடத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து, ஷம்ஷாதின் வீட்டை நேராகப் பார்த்து, ஒரு இலை விடாமல் வரைந்தார்கள். மூன்றாம் மாடி ஆம்பிளைகள் கழுத்தைத் திருப்பிக்கொண்டு போவதை ஒரு பையன் நோட்டில் குறித்துக்கொண்டு, "ஏன் இந்தப் பக்கமே பார்க்கறதில்ல, இவங்களுக்கு இதோட அருமை தெரியலையா?" என்று பக்கத்திலிருந்தவளிடம் கேட்டான்.

ஷம்ஷாத் மறுபடி சமையலறை மூலைக்குப் போனாள். தார்ப்பாயைக் கட்டினாள். பொன்ராஜ் வந்து கெஞ்சினார். "பாய்மா, உன் வூட்டப் பாக்கத்தான் வர்றாங்க. எல்லா வூட்டையும் இந்த மாதிரியே பண்ணச் சொல்லி ஆர்டர் வந்துகீது. நீயே மறைச்சா எப்படி?" ஒருநாள் அவள் தும்மினாள். வெளியே முப்பது பென்சில்கள் ஒரு கணம் நின்றது அவளுக்குக் கேட்டது.

எண்பத்தேழாவது நாள் ஜுவேரியா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "அம்மா, பள்ளிவாசல் ஹஜ்ரத்துகிட்ட போன்ல கேட்டுட்டேன். நிர்ப்பந்தம்னா வேற எடத்துல போய் மீதி நாள இருக்கலாமாம். குத்தமில்லையாம்."

"யாரு கேக்கச் சொன்னது?"

"ஏம்மா?"

"கூடாதுன்னு சொல்லியிருந்தா எப்படியாச்சும் இருந்துருப்பேன்டி. அனுமதி குடுத்துட்டா நான் இன்னா பண்ணுவேன்?"

ஜுவேரியா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். வெளியே யாரோ ரப்பரால் அழித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே ஷம்ஷாத் சொன்னாள்: "லுங்கிய எடுக்காத. அது அங்கயே இருக்கட்டும்."

மறுநாள் விடிந்தும் விடியாமலும், மாணவர்கள் வருமுன், புர்காவோடு இறங்கினாள். தேவானை கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். மாடிப்படித் திருப்பத்தில் மண்ணாங்கட்டி சுவரைப் பார்த்து, வாத்தியார் நிற்கவைத்த பையன்போல நின்றிருந்தான்.

"போய்ட்டு வா பாய்மா" என்றான் சுவரிடம்.

"வரேம்பா" என்றாள் அவள். அவன் திரும்பவில்லை. அழுகிறானோ என்னவோ, முதுகை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

ஆதம்பாக்கத்து ஃப்ளாட்டில் எல்லாப் பக்கமும் சுவர் இருந்தது. தனி அறை, தாழ்ப்பாள், கதவுக்கு வெளியே இன்னொரு இரும்புக்கதவு. ஜுவேரியாவும் மருமகன் தௌஃபீக்கும் எட்டு மணிக்குப் போனால் ஏழு மணிக்கு வருவார்கள். கூடத்து ஜன்னலுக்கு எதிரே இன்னொரு கட்டடத்தின் முதுகு. இத்தா இருக்க அதைவிடத் தோதான இடம் சென்னையில் கிடையாது.

முதல் வாரம் அவள் நன்றாகத் தூங்கினாள். இரண்டாவது வாரம் தூக்கம் போனது. காலையில் எதிர்வீட்டிலிருந்து, "அக்கா, எய்ந்துகினியா? பால் பொங்கிட்சு பாரு" என்று ஒரு குரல் ஓட்டை வழியாக வரும் என்று காது காத்திருந்தது. வரவில்லை. மாடிப்படியில் காலடி கேட்கும். இருமாமல் தாண்டிப் போகும். இந்தக் கதவுக்குப் பின்னால் ஒருத்தி தன் புருஷனுக்காக மறைந்திருக்கிறாள் என்று தெரிந்து தலையைத் திருப்பிக்கொள்ள அங்கே யாரும் இல்லை. செல்லப்பா தோட்டத்தில் அவர் இறந்ததை எட்டு வீடும் சேர்ந்து சுமந்தது. இங்கே ஒரு அறைக்குள் அவள் ஒருத்தியே சுமந்தாள். சிலநாள், எதற்காக உள்ளே இருக்கிறோம் என்பதே ஒரு கணம் மறந்துபோய், ஞாபகம் வரும்போது அவர் மறுபடி ஒருமுறை இறந்தார்.

நாற்பத்து மூன்று நாள். ஒருநாள்கூடக் குறையவில்லை.

நூற்று முப்பதாவது நாளும் முடிந்த மறுநாள், ஜுவேரியா லீவு போடுவதாகச் சொல்லியிருந்தாள். முடியவில்லை. "சாயந்திரம் நானே கூட்டிட்டுப் போறேம்மா, ப்ளீஸ்" என்று ஓடினாள். ஷம்ஷாத் பத்து மணிவரை காத்திருந்தாள். பிறகு கதவைப் பூட்டி, சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுக்கலாமென்று மணியடித்தாள். யாரும் திறக்கவில்லை. சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு லிஃப்டில் இறங்கினாள்.

கேட்டில் செக்யூரிட்டி கையை நீட்டித் தடுத்தான். நேராக அவள் முகத்தைப் பார்த்தான்.

"எந்த வீடும்மா?"

"மூணாவது மாடி. ஜுவேரியா வூடு."

"அந்த மேடமும் சாரும் மட்டும்தானே இருக்காங்க? நீங்க எப்ப வந்தீங்க? உள்ள வந்த என்ட்ரியே இல்லையே."

"நாப்பத்து மூணு நாளாச்சுப்பா."

அவன் சிரித்தான். பிறகு அவள் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்து நோட்டைத் திறந்து, பேனா மூடியைப் பல்லால் கடித்து எடுத்தான். பெயர் கேட்டான், சொன்னாள். வீட்டு நம்பரை அவனே எழுதிக்கொண்டான். அடுத்த கட்டத்தில் பேனா நின்றது.

"யாரப் பாக்க வந்தீங்கன்னு போடணும்மா."

ஷம்ஷாத் அந்தக் கட்டத்தைக் குனிந்து பார்த்தாள். பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்தது.

"யாரையும் இல்லன்னு போட்டுக்கோ" என்றாள்.

அவன் எழுதி முடிக்கும்வரை நின்றாள். எழுதியதும் கையெழுத்துப் போட்டுவிட்டு, மயிலாப்பூர் பஸ் எங்கே நிற்கும் என்று அவனிடமே கேட்டுக்கொண்டு நடந்தாள்.